சாடல்லே: கொச்சி, அகத்தி, மும்பை கப்பல் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, செவ்வாய். கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

நாளைக் காலை கிளம்புகிறோம். கொச்சியில் கப்பல் ஏறி, லட்சத்தீவின் அகத்தித் தீவில் ஒரு பகல், அடுத்து ஒரு முழுநாள் கடல், நான்காம் நாள் மும்பை. குழுவில் ஒன்பது பேர். எனக்கு இது பதினோராவது கப்பல். மற்ற எட்டுப் பேருக்கும் முதல் தடவை, அதில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குச் சொன்னதையே நாள்வாரியாக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அறை. டிக்கெட் எடுக்கும்போது எல்லோரும் கேட்பது பால்கனி உண்டா என்று. கேட்க வேண்டியது, கப்பலில் எந்த இடத்து அறை என்று. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றமரத்தில் அச்சுக்குப் பக்கத்தில் அசைவு குறைவு, நுனியில் அதிகம். கப்பலும் அப்படித்தான்: முன்முனையும் பின்முனையும் அலைக்கு ஏறி இறங்கும், நடுப்பகுதி அவ்வளவு அசையாது. பக்கவாட்டு ஆட்டத்துக்குத் தென்னையைப் பாருங்கள். காற்றில் அடிமரம் நிற்கும், தலைதான் ஆடும். அதனால் கீழ்த்தளம், நடுக்கப்பல். வயிறு புரட்டும் ஆட்களுக்கு ஜன்னலும் வேண்டும், தொடுவானம் கண்ணில் பட்டால் தலைசுற்றல் அடங்கும். கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் உள்ள அறைதான் முதல் தடவை போகிறவர்களுக்கு என் தேர்வு. பால்கனி அறைக்கு, ஜன்னலே இல்லாத உள்ளறையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். மூன்று இரவுக்கு அது வேண்டியதில்லை.

தள வரைபடத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் அறைக்கு மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்குமேல் கேட்கும். கீழே ஆட்டம்பாட்டம் நடக்கும் கூடம் இருந்தால் நள்ளிரவு வரை அதிரும். கீழ்த்தளத்தில் கப்பலின் முன்முனைப் பக்கம் கிடைத்தாலும் வேண்டாம். அகத்தி மாதிரி நங்கூரம் போடும் இடத்தில் விடிகாலையில் சங்கிலி இறங்கும் ஓசைக்குக் கட்டிலே குலுங்கும்.

பெட்டி கட்டும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் தவறாமல் வைக்கிற சில பொருட்களை நானே எடுத்து வெளியே வைத்தேன்: கற்பூரம், தீப்பெட்டி, ஊதுபத்தி, பயண இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் கம்பி, எலெக்ட்ரிக் கெட்டில். கப்பலில் தீதான் பெரிய பயம், சூடேறும் எந்தப் பொருளையும் விட மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் போர்டும் பெரும்பாலும் பிடிபடும். விபூதி, குங்குமத்துக்குத் தடை இல்லை.

எடுத்துப்போக வேண்டியவை: கொக்கி வைத்த காந்தம் நாலு (அறைச் சுவர் இரும்புத் தகடு, துண்டும் பையும் மாட்ட இதைவிட நல்ல வழி இல்லை), காலித் தண்ணீர் பாட்டில், சின்னப் பிளாஸ்டிக் மக் (கழிவறையில் ஹேண்ட் ஷவர் எல்லாக் கப்பலிலும் இருக்காது), பின்வார் உள்ள செருப்பு, மெல்லிய சால்வை. உள்ளே ஏசி குளிர் அதிகம். இஞ்சி மரப்பா அரைக் கிலோ, ஆளுக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்தாயிற்று.

பிப்ரவரி 12, புதன். கொச்சி

காலை ஐந்தரைக்கு வேன். எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி இட்லி கட்டி வாங்கினோம். முதலியார் குடும்பங்கள் மண்பானை வாயில் துணி கட்டி வேகவைக்கும் தட்டை இட்லி. ஒரு நாளைக்கு மேலும் கெடாது, பொடியும் தேங்காய் எண்ணெயும் இருந்தால் போதும். ஆனால் முழுவதையும் வழியிலேயே தின்று முடிக்க வேண்டும். கப்பலுக்குள் வீட்டுச் சமையலை ஏற்ற விடுவதில்லை.

குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு மலைப்பகுதி பத்து நிமிடம்தான். திருச்சூரைத் தாண்டியதும் பாலப் பணி நடக்கும் இடங்களில் ஒரு மணி நேரம் நின்றோம். அந்த ஒரு மணி நேரத்தை முன்பே கணக்கில் வைத்துக் கிளம்பியதால் பதற்றம் இல்லை. கப்பல் டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும்: புறப்படும் நேரம் ஒன்று, ஏறும் வாசல் மூடும் நேரம் இன்னொன்று. இரண்டாவதுதான் நமக்கு. ரயிலைப் போல ஓடிப் பிடிக்க முடியாது, அடுத்த நிறுத்தம் தீவு.

கப்பல் நிற்கும் இடம் வில்லிங்டன் தீவு, எர்ணாகுளம் வார்ஃபில் 2021இல் திறந்த சாகரிகா முனையம். இந்தத் தீவே இயற்கையானது அல்ல. ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகம் அமைத்தபோது காயலைத் தூர்வாரிய மண்ணில் எழுந்தது. உள்ளே ஏசி, நாற்காலி, சுத்தமான கழிவறை எல்லாம் உண்டு. வாசலுக்கு வெளியே டீ 15 ரூபாய், பழம்பொரி 15. உள்ளே போன பிறகு டீ கிடைப்பது சிரமம், வெளியிலேயே குடித்துவிடுங்கள்.

பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு, ஸ்கேன் செய்து, அறை எண் ஒட்டி, பிறகு அறை வாசலுக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு மணி நேரமும் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும். இன்று எங்கள் பெட்டிகளில் ஒன்று இரவு எட்டரைக்குத்தான் வந்தது. எங்களோடு வந்த அக்கா ஒருவரின் இன்சுலின் அதில்தான் இருந்தது. கடைசி நிமிடத்தில் கைப்பையிலிருந்து பெட்டிக்கு மாற்றிவிட்டார். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய், கப்பல் மருத்துவரிடம் ஓட வேண்டியதாயிற்று. மருந்து, கண்ணாடி, அடையாள அட்டை, ஒரு மாற்றுடை இவை எப்போதும் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். அடையாள அட்டை அசலாக வேண்டும், போனில் இருக்கும் படம் உதவாது. லட்சத்தீவில் கால்வைக்க இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு உண்டு. கப்பல்காரர்களே எடுத்துத் தருவார்கள், ஆனால் நாம் கொடுத்த பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல்தான் இங்கே தகராறு செய்யும். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் அதற்காகவே அரை மணி நேரம் நின்றது.

அறையில் கவனிக்க வேண்டியது குளியலறை வாசற்படி. தண்ணீர் வெளியே வராமலிருக்க நாலைந்து அங்குலம் உயர்த்தியிருப்பார்கள். கப்பலில் நான் பார்த்த கால்விரல் காயங்களில் பாதி அந்தப் படியில் இடித்ததுதான். கழிவறை, காற்றால் உறிஞ்சும் வகை. அதில் பேப்பர் துண்டு, நாப்கின் எதையும் போட்டால் நம் அறை மட்டுமல்ல, அந்த வரிசை முழுவதும் அடைத்துக்கொள்ளும்.

புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு சிறு ஊதல், பிறகு ஒரு நீள ஊதல். கேட்டதும் அட்டையில் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். பலர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்கள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, அப்போதைய விதி 24 மணி நேர அவகாசம் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகுதான், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே என்று விதியை மாற்றினார்கள். பயிற்சி முடிந்ததும் நாங்கள் ஒன்பது பேரும் அறையிலிருந்து கூடுமிடம் வரை லிஃப்டைத் தொடாமல் படிக்கட்டில் இன்னொரு முறை நடந்து பார்த்தோம். பெரியவர்களுக்கு ஆறு நிமிடம் ஆனது.

ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள். வலப்பக்கம் வல்லார்பாடம் கண்டெய்னர் கிரேன்கள் தெரியும், கழிமுகத்தில் திரும்பியதும் இடப்பக்கம் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், வலப்பக்கம் வைப்பின் தீவு. கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி வந்த பைலட், ஓடும் கப்பலின் பக்கத்தில் கயிற்றேணி வழியாகச் சின்னப் படகில் இறங்கிப்போனார். கூட்டம் அப்போது பஃபேயில் இருந்தது, பார்த்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றும் நேரமும் இதுதான். கரை சிக்னல் போனதும் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடிக்கும், சும்மா பையில் கிடந்தாலும் கட்டணம் ஏறும்.

வாந்தி மாத்திரை (அவோமின்தான் நம் மருந்துக்கடைகளில் வழக்கம்) குமட்டல் வந்தபிறகு போட்டால் பலன் குறைவு. கப்பல் நகர்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். ரொட்டி, பச்சை ஆப்பிள், மரப்பா ஏதாவது ஒன்று வாயில் இருக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன். அகத்தி

கொச்சியிலிருந்து 459 கிலோமீட்டர். காலை எட்டரைக்கு நங்கூரம். தீவு ஒரு பச்சைக் கோடு போலத் தெரிந்தது; நீளம் ஏழு கிலோமீட்டர் இருக்கும், அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தீவைச் சுற்றிப் பவளத் திட்டு, உள்ளே ஆழமில்லாத நீர். பெரிய கப்பல் வெளியே ஆழத்தில்தான் நிற்க முடியும். அங்கிருந்து தீவுக்காரர்களின் சின்னப் படகுகளில் போக வேண்டும், ஒரு நடைக்கு இருபது நிமிடம்.

இந்தப் பயணத்தின் கடினமான இடம் அந்த இருபது நிமிடம் அல்ல, கப்பலிலிருந்து படகுக்குக் கால் மாற்றும் மூன்று நொடி. கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவைத் திறந்து மேடை போடுவார்கள். கப்பல் மெதுவாக அசையும், படகு வேகமாக ஏறி இறங்கும். இன்று காலை அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை அடி. ஓடும்போது பக்க ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் துடுப்பு போல இரண்டு இறக்கைகள் உண்டு. தண்ணீர் வேகமாக அவற்றின்மேல் பாய்ந்தால்தான் அவை வேலை செய்யும். நங்கூரத்தில் நிற்கும்போது அவற்றால் பயனில்லை. இரவெல்லாம் சும்மா இருந்த வயிறு, நின்ற கப்பலில் புரட்டுவது இதனால்தான்.

மேடையில் நின்ற தீவுப் பையன்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே சொல்: "சாடல்லே, சேச்சி, சாடல்லே." குதிக்காதே என்று மலையாளம். நாகர்கோவில்காரர்களுக்கும் புரியும். படகு மேலே வந்து ஒரு கணம் நிற்கும், அப்போது ஒரு எட்டு வைத்தால் போதும். பயந்து காத்திருந்து, படகு இறங்கத் தொடங்கியதும் தாவுகிறவர்களுக்குத்தான் கணுக்கால் பிசகும். கையைக் கோத்துப் பிடிக்கக் கூடாது, வியர்வையில் நழுவும். அவர் நம் முன்கையைப் பிடிக்க, நாம் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். போன், பை, குடை எதுவும் கையில் கூடாது. புடவை கட்டியவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள், இருந்தாலும் இந்த ஒரு நாளைக்குச் சுடிதார் நல்லது. வேட்டி வேண்டவே வேண்டாம்.

ஒன்பது மணியிலிருந்து எண் போட்ட டோக்கன் கொடுத்து, குழுக்குழுவாக அழைத்தார்கள். எங்களில் ஏழு பேர் ஏழரைக்கே கூடத்தில் போய் உட்கார்ந்து முதல் தொகுதி டோக்கன் வாங்கினோம். இரண்டு பேர் நிதானமாகக் காலைச் சாப்பாடு முடித்துக்கொண்டு மதியத் தொகுதி வாங்கினார்கள்.

தீவில் மூன்று மணி நேரம். மணல் பார்க்கத்தான் மாவு மாதிரி. தண்ணீருக்குள் உடைந்த பவளத்துண்டுகள் பாதத்தைக் கீறும், செருப்போடு இறங்குங்கள். உயிருள்ள பவளத்தின்மேல் நிற்காதீர்கள், மிதித்த இடம் செத்துப்போகும். பவளமும் சில வகைச் சங்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. செத்து ஒதுங்கிய ஒரு துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது, பையைச் சோதிக்கிறார்கள். மதுவுக்கும் இங்கே இடமில்லை. ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மூடிய உடை. ஏறக்குறைய முழுக்க முஸ்லிம் மக்கள் வாழும் தீவு, நம் வீட்டுத் தெருவில் மற்றவர்கள் எப்படி நடக்க வேண்டுமென்று நினைப்போமோ அப்படி நடக்கலாம்.

பேச்சு மலையாளம்தான், ஆனால் ஜெசரி என்று தனிச் சாயல். கொழிஞ்சாம்பாறை மலையாளத்தை வைத்துச் சமாளிக்க முடிந்தது. இளநீர் 50 ரூபாய். சோறும் சூரைமீன் குழம்பும் 180. இங்கே சூரையைத் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அவித்து, புகையிட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்ததுதான் நம் தென்கரையில் மாசிக் கருவாடு என்று விற்பது. தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டை இரண்டு வாங்கினால் ஒரு வேளைக்குப் பசிக்காது. கடைக்கார அம்மா, நாங்கள் கேட்காமலே பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுத்தார். சில்லறை நோட்டு கொண்டுபோங்கள். 2024 ஜனவரியில் கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் ஜிபேயை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பன்னிரண்டரைக்குக் காற்று மாறியது. காலையில் அலை ஒரு பக்கம் அடிக்க, கப்பலே சுவர் போல நின்று மறுபக்கத்துத் தண்ணீரை அடக்கி வைத்திருந்தது. படகுகள் அந்த நிழல் பக்கம்தான் அணைந்தன. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்குத் திரும்பும். திரும்பியதும் அந்த நிழல் போயிற்று. நாங்கள் திரும்பி ஏறும்போது ஏற்ற இறக்கம் நாலடிக்குக் குறையவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஒவ்வொருவராக ஏற்றினார்கள், 71 வயது மாமாவை ஏற்றப் படகு மூன்று முறை விலகி மறுபடி அணைந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை, ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு மணிக்கு, மதியத் தொகுதி ரத்து என்று கேப்டன் அறிவித்தார்.

கூடத்தில் கூச்சல். தீவு கண்ணுக்கு எதிரே தெரிகிறது, வெயில் அடிக்கிறது, மழை இல்லை, ஏன் விடவில்லை என்று பலர் வரவேற்பு மேசையில் சண்டை போட்டார்கள். அந்த மேடையில் நின்று பார்த்தவர்களுக்குக் கேள்வியே எழாது. கேப்டன் செய்தது முழுக்கச் சரி. தீவுப் பயணக் கட்டணம் கணக்கில் திரும்ப வந்தது, எங்களில் மதியத் தொகுதி வாங்கிய இரண்டு பேருக்கும் அகத்தி பச்சைக் கோடாகவே நின்றுவிட்டது. நங்கூரம் போடும் ஊரென்றால், பசித்தாலும் முதல் தொகுதி டோக்கன் வாங்குங்கள். காலையில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் காற்று ஏறும்.

பிப்ரவரி 14, வெள்ளி. கடல்

நாள் முழுக்கத் தண்ணீர். காலை ஆறரைக்கு மேல்தளத்தில் வெயில் இதமாக இருக்கும், ஒன்பதரைக்கு மேல் எரிக்கும். காற்று வீசுவதால் சூடு தெரியாது, மாலையில் தோல் உரியும்.

பஃபேயில் முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எல்லோரும் வாசலில் இருக்கும் முதல் மேசையில் பூரி, பொங்கல் என்று நிரப்பிக்கொள்கிறார்கள். அன்று நேரில் சுடும் தோசையும் வெட்டிய பழமும் கடைசி மூலையில் இருந்தன, வரிசையும் இல்லை. ஜெயின், சைவ மேசைகள் தனி. தயிர்சோறு மதியம் மட்டும். ஃபில்டர் காபியை எதிர்பார்க்க வேண்டாம்.

கை கழுவுவதில் கண்டிப்பு வேண்டும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் போதாது. கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். ஆயிரம் பேர் தொட்ட பரிமாறும் கரண்டியைத் தொட்ட கையால் ரொட்டியைப் பிய்க்கிறோம். தட்டை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு, போய்க் கை கழுவி வந்து சாப்பிடுங்கள்.

குடிநீர் இயந்திரத்தில் இலவசம், பாட்டில் தண்ணீருக்குக் காசு. குளிர்பானம், மது, மசாஜ், தனி உணவகம், சில விளையாட்டுகள் எல்லாம் அறை அட்டையில் ஏறும். கையில் காசு கொடுக்காததால் செலவு உறைக்காது. ஒவ்வொரு மாலையும் வரவேற்பு மேசையில் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினோம். இன்று எங்கள் அறைகளில் ஒன்றில், குடிக்காத இரண்டு குளிர்பானம் ஏறியிருந்தது. அறை எண்ணில் ஓர் இலக்கம் மாறியதால் வந்த பிழை, ஐந்து நிமிடத்தில் நீக்கினார்கள். இதையே கடைசிக் காலையில் கவனித்திருந்தால் இருநூறு பேர் வரிசையில் நிற்க வேண்டும்.

அறையைத் துடைக்க வந்த தம்பி கோவாக்காரர். வீட்டை விட்டு எட்டு மாத ஒப்பந்தம். காலையும் இரவும் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருந்தாலும், இப்படிப்பட்டவர்களுக்குக் கையில் தனியாக ஏதாவது கொடுப்பது முறை. கடைசி நாள் காலையில் ஆளைப் பிடிக்க முடியாது, இன்றிரவே கொடுத்துவிட்டோம்.

இரவு பதினொன்றுக்குள் பெட்டிகளுக்கு நிறச்சீட்டு கட்டி வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். நாளைக்கு உடுத்த வேண்டியதையும் செருப்பையும் முதலில் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். எதிர் அறைக்காரர் லுங்கியோடு நின்று, நடைவழியில் நூறு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் தன் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டிகளின் கைப்பிடியில் மஞ்சள் துணி முடிந்திருந்தோம்.

பிப்ரவரி 15, சனி. மும்பை

ஆறு மணிக்கே மும்பைக் கப்பல்துறையான பாலார்டு பியர். எட்டுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், இறங்குவது நிறச்சீட்டு வரிசைப்படி. எங்கள் நிறம் பத்தேகாலுக்குத்தான் வந்தது. பெட்டியைத் தானே தூக்கி நடப்பவர்கள் எட்டுக்கே போய்விட்டார்கள். மதியத்துக்கு முன்னால் ரயிலோ விமானமோ இருந்தால் அந்த வழிதான். நமக்கு வண்டி மாலையில்.

கீழே இறங்கி நின்றதும் சிமெண்டுத் தரை ஆடியது. உடம்பின் சமநிலையைப் பார்ப்பது உள்காது; மூன்று நாள் ஆட்டத்துக்குப் பழகிய அது அதைச் சட்டென்று விடாது. குளிக்கும்போது கண்ணை மூடினால் இன்னும் அதிகம் தெரியும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதுவரை பைக், கார் எடுக்க வேண்டாம். 71 வயது மாமாவுக்கு ரயிலில் கீழ் பெர்த் கொடுத்திருக்கிறோம். படுத்ததும், "இதுவும் கடல்தானா" என்று கேட்டார். வண்டி இன்னும் கிளம்பியிருக்கவில்லை.